முகூர்த்தம் 6 மணி என்றால் உங்கள் நாள் 1.30-க்கே தொடங்கிவிடும்

கேட்டது இதுதான்: தை மாதம் கும்பகோணத்தில் கல்யாணம். முகூர்த்தம் காலை 6 முதல் 7.30. முதல் நாள் மாலை வரவேற்பு. பெண்ணுக்குச் சென்னையில் வேலை, கையில் இருப்பது மூன்று மாதம். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை எப்போது செய்வது, எதை விட்டுவிடலாம்?

22 வருடமாகத் தஞ்சாவூர்ப் பக்கம் மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். இந்த மூன்று மாதத்தில் பெண்கள் எதற்கு அலைகிறார்கள், அன்றைக்கு எதில் தவிக்கிறார்கள் இரண்டையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அலைந்தது ஒன்றாக இருக்கும், தவிப்பது வேறொன்றாக இருக்கும். அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு உங்கள் உடம்பில் படப்போகிற எதுவும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படக் கூடாது. ரவிக்கை, க்ரீம், மெட்டி, மாத்திரை, மருதாணி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கூறைப்புடவைக்கு மட்டும் விலக்கு. அதை முன்னால் உடுத்திப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம், அதைக் காப்பாற்ற வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

அன்றைய கணக்கை இப்போதே போட்டுவிடுவோம். 6 மணி முகூர்த்தம் என்றால் 5.15-க்கு ஐயர் உங்களைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார். தலை அலங்காரம், முகம், புடவை, நகை எல்லாம் சேர்த்து எனக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும். அப்படியானால் 2 மணிக்கு நாற்காலியில் உட்கார வேண்டும், 1.30-க்கு எழ வேண்டும். முதல் நாள் வரவேற்பு 10 மணி வரை போனால், கடைசி விருந்தாளியோடு படம் எடுத்து, சாப்பிட்டு, நகையைக் கழற்றி, முகம் கழுவிப் படுக்கும்போது 12 ஆகியிருக்கும். ஒன்றரை மணி நேரத் தூக்கம். அதற்கு மேல் எவ்வளவு விலை உயர்ந்த மேக்கப் போட்டாலும் கண்ணுக்கடியில் தெரியும். எனவே இந்த மூன்று மாதத்தில் நீங்கள் பேசி வாங்க வேண்டிய முதல் பொருள் தூக்கம்தான். வரவேற்பை 6 மணிக்கே தொடங்கி 9 மணிக்கு நீங்கள் மேடையை விட்டு இறங்கிவிடுவது என்று இரு வீட்டாரிடமும் இப்போதே சொல்லி வையுங்கள். புகைப்படக்காரரிடமும் சொல்ல வேண்டும். கூட்டம் கலைந்த பிறகு ஜோடிப் படம் எடுக்கலாம் என்று ராத்திரி 11 மணிக்கு மண்டபத்து மாடிப்படியில் நிற்க வைக்கிறவர்கள் நிறையப் பேர். வரவேற்புக்கு முன்பே, வெளிச்சம் இருக்கும்போதே, அதை முடித்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொரு சின்ன விஷயமும் பேசி வைக்க வேண்டியது. கல்யாணத்தன்று அதிகாலை மங்கள ஸ்நானம் என்று பெண்ணின் தலையில் எண்ணெய் வைத்து நீர் ஊற்றுவார்கள். தை மாதப் பனியில் 2 மணிக்கு நனைந்த கூந்தல் லேசில் காயாது. ஈர முடியில் சவுரி நிற்காது, ஜடை ஒரு மணி நேரத்தில் கழுத்தை விட்டு இறங்கிவிடும். முதல் நாளே தலைக்குக் குளித்துவிட்டு, அன்று காலை உச்சந்தலையில் ஒரு சொட்டு எண்ணெய், ஒரு கை நீர் தெளித்தால் போதுமா என்று பாட்டியிடம் இப்போதே கேளுங்கள். பெரும்பாலான பாட்டிகள் சரி என்றுதான் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் போய்க் கேட்டால்தான் சண்டை வரும்.

இப்போது புடவை. தறியில் சொல்லி நெய்ய வேண்டும் என்றால் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். ஒரு காஞ்சிபுரம் பட்டைக் கையால் நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும், அதற்கு முன் பாவு, சாயம் என்று வேலை இருக்கிறது. கடையில் எடுப்பதானால் புடவையைத் திருப்பி, உடலும் கரையும் சேரும் இடத்தைப் பாருங்கள். கோர்வைப் புடவையில் கரையும் உடலும் மூன்று நாடா (குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் தறிக் கட்டை) ஓட்டி ஒன்றோடொன்று கோத்து நெய்யப்படும். கரையின் நிறம் உடலுக்குள் கசியாமல் பளிச்சென்று பிரிந்து நிற்கும். முந்தானை வேறு நிறமாக இருந்தால், அது சேரும் இடத்தில் பேட்னி போட்ட, அதாவது இரண்டு நிறப் பாவு நூல்களையும் கோத்து இணைத்த, கோடு தெரியும். பட்டு அசல்தானா என்பதற்கு சில்க் மார்க் சீட்டைக் கேளுங்கள். வீட்டில் சந்தேகம் வந்தால் ஓரத்து நூல் ஒன்றைப் பிரித்துக் கொளுத்திப் பாருங்கள்: அசல் பட்டு முடி கருகும் வாசனை அடிக்கும், சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை நூல் உருகி உருண்டையாகக் கெட்டிப்படும். சரிகையிலும் அசல் என்றால் பட்டு நூல்மேல் வெள்ளி சுற்றித் தங்க முலாம் பூசியது. அந்த விலையைக் கொடுக்கிறீர்கள் என்றால் பில்லில் அதை எழுதி வாங்குங்கள்.

புடவையை நிறம் பார்த்து எடுக்கிறார்கள், கனம் பார்த்து எடுப்பவர்கள் குறைவு. என் ஆலோசனை, வரவேற்புக்குக் கனமானதை எடுங்கள், கூறைக்கு லேசானதை எடுங்கள். கூறையை மேடையில் தட்டில் வைத்துக் கொடுத்தவுடன் அறைக்குப் போய் மாற்றிக்கொண்டு வர உங்களுக்குக் கிடைப்பது 15, மிஞ்சினால் 20 நிமிடம். வெளியே நாதஸ்வரக்காரர் காத்திருப்பார், ஐயர் "பொண்ணை அழைச்சுண்டு வாங்கோ" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். ஒரு கிலோ எடையில், அட்டை போல விறைத்து நிற்கும் புதுப் பட்டை அந்த நேரத்தில் மடிப்பு வைத்துக் கட்டுவது பெரும்பாடு. முன்கூட்டியே மடிப்பு வைத்து இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டி, அப்படியே மடித்துத் தட்டில் வைத்துவிடலாம். மஞ்சள் தடவுவதற்கு ஒரு நுனி வெளியே தெரிந்தால் போதும். உடுத்தாமலே இதைச் செய்ய முடியும் என்பதால் வழக்கத்துக்கும் குறைவில்லை. உங்கள் இடுப்பளவு, உயரம் எடுக்க அதே கனத்தில் அம்மாவின் பழைய பட்டு ஒன்றைக் கட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும். உங்கள் வீட்டில் ஒன்பது கஜம், மடிசார் என்றால் கட்டத் தெரிந்த மாமி ஒருவரை இப்போதே சொல்லி வையுங்கள், அவரிடம் இரண்டு முறையாவது கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து எழுந்து நடந்து பாருங்கள்.

ரவிக்கையைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. சில வருடங்களுக்கு முன் ஒரு பெண், கை முழுக்க ஆரி ஒர்க், மணியும் கல்லுமாக அவ்வளவு அழகு. நிற்க வைத்து அளவு பார்த்திருக்கிறார்கள், கச்சிதமாக இருந்திருக்கிறது. மாலை மாற்றும்போது மாப்பிள்ளையை அவர் மாமா தோளில் தூக்கினார். பெண் மாலையைத் தூக்கிப் போட வேண்டும். கை தோளுக்கு மேல் போகவில்லை. இரண்டாவது முறை எம்பியபோது அக்குளில் துணி கிழியும் சத்தம் எனக்கே கேட்டது. கழுத்தில் விழுந்த மாலையை அந்தப் பக்கம் இழுத்து மறைத்து, அறைக்கு அழைத்துப்போய் ஏழு ஊசி குத்தி அனுப்பினேன். தாலி கட்டும்போது அவள் முகத்தில் இருந்தது பயம், ஊசி குத்திவிடுமோ என்று. ஆகவே ரவிக்கை கையில் வந்ததும் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஹோமத்தில் நெய் விடுவதுபோல் முன்னால் குனியுங்கள். மூச்சை முழுதாக இழுங்கள். மூன்றும் முடிந்தால்தான் ரவிக்கை சரி. உள்ளே இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், இந்த மூன்று மாதத்தில் உடம்பு ஏறும் அல்லது இறங்கும். கடைசி அளவு கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு.

முகத்துக்கு வருகிறேன். வெளுக்க வேண்டுமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. பத்து நாளில் பளபளப்பு என்று விற்கிற பல க்ரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. போடும்போது முகம் வெளுத்து மென்மையாகும். நிறுத்தினால் சிவந்து, எரிந்து, பரு கொப்பளித்துக் கிளம்பும், நிறுத்த முடியாமல் போட்டுக்கொண்டே இருப்பவர்களை எனக்குத் தெரியும். சிலவற்றில் பாதரசம். கேரளத்தின் மலப்புரத்தில் 2023-ல் இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது கண்டறியப்பட்டது. பருவோ கரும்புள்ளியோ தொந்தரவு செய்தால் தோல் மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள், மூன்று மாதம் என்பது அதற்கு நல்ல அவகாசம். கடைசி ஃபேஷியல் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, அதுவும் முன்பே செய்து பழகியது மட்டும். புருவம் திருத்துவது மூன்று, நான்கு நாள் முன்பு.

மேக்கப் போடுபவரிடம் முன்னோட்டம் கட்டாயம் பாருங்கள். ஃபவுண்டேஷனைப் புறங்கையில் பார்க்காமல் தாடையோரத்தில் தடவச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள், சில வகைகள் காற்றுப் பட்டதும் நிறம் மாறும். கழுத்தோடு கலந்து எது காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் நிறம். இரண்டு படி வெளுப்பாகப் போட்டால் மாநிறத்துப் பெண்ணின் முகம் படத்தில் சாம்பல் பூத்து நிற்கும். குங்குமமும் மஞ்சளும் எடுப்பது நம் நிறத்தில்தான், அதை மறைத்துவிட்டு எதற்கு அலங்காரம்? முன்னோட்டத்தன்று பிளாஷ் போட்டு ஒரு படமும் எடுங்கள். சில வெள்ளைப் பவுடர்கள் பிளாஷில் திட்டுத் திட்டாகத் தெரியும். ஹோமப் புகை இருக்கிறது, கண்ணீர் வரும், அதனால் மையும் மஸ்காராவும் நீர் புகாதவை. கான்டாக்ட் லென்ஸ் பழக்கமில்லை என்றால் அன்றைக்குப் புதிதாகப் போட்டுக்கொண்டு நெருப்பின் முன் உட்காராதீர்கள்.

நலங்கு வைக்கும்போது அத்தைகள் ஆசையாக முகம் முழுக்கச் சமையல் மஞ்சளை அப்புவார்கள். அது மறுநாள் வரை போகாது, அதன்மேல் எந்த நிறமும் உட்காராது. கை காலுக்கு மஞ்சள், முகத்துக்குச் சந்தனம் என்று சொல்லிவையுங்கள்.

மருதாணிக்கு இரண்டு நாள் முன்பு சரியான நேரம். உதிர்த்தவுடன் ஆரஞ்சாகத்தான் இருக்கும், ஒன்றிரண்டு நாளில்தான் கருஞ்சிவப்பாகும், அது இலையின் இயல்பு. ராத்திரி முழுக்க வைத்திருந்து, காலையில் தண்ணீர் படாமல் உதிர்த்து, நல்லெண்ணெய் தடவினால் போதும். பத்து நிமிடத்தில் கறுப்பாகப் பிடிக்கும் என்று யாராவது கூம்பு கொண்டுவந்தால் கையை நீட்டாதீர்கள். அதில் இலையைவிடத் தலைச்சாய ரசாயனம்தான் வேலை செய்கிறது. ஒரு கல்யாணத்தில் தாரை வார்க்கும் நேரம், அப்பாவின் கைமேல் பெண்ணின் கை, அதன்மேல் தண்ணீர் விழுந்ததும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாலையை ஒதுக்கிவிடுவதுபோல் போய்ப் பார்த்தேன். பூ வரைந்த கோடுகள் அப்படியே கொப்புளமாக எழும்பியிருந்தன, இரண்டு உடைந்திருந்தன. அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அந்தத் தழும்பு மாதக்கணக்கில் இருந்தது.

மாதவிலக்குத் தேதியை இப்போதே கணக்கிட்டுப் பாருங்கள். வந்தாலும் கல்யாணம் நடக்கும், எத்தனையோ பேருக்கு நடந்திருக்கிறது. ஆனால் தள்ளிப்போட விரும்பினால் கல்யாண வாரத்தில் மருந்துக்கடையில் போய் மாத்திரை வாங்காதீர்கள். நோரெதிஸ்டிரோன் மாத்திரையை எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். ஒற்றைத் தலைவலி, இரத்தக் குழாயில் இரத்தம் உறைவது போன்றவை இருந்தால் அது ஆகாது. இப்போதே மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். போன கையோடு ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. மேடையில் மயங்கும் பெண்களைப் பதற்றம் என்று சொல்லித் தண்ணீர் தெளிக்கிறார்கள். பாதிப் பேர் வெறும் வயிறு, இறுக்கிய ஒட்டியாணம், இரத்தக் குறைவு. மூன்று மாதம் இரும்புச் சத்து மாத்திரையும் கீரையும் பேரீச்சையும் சாப்பிட்டால் தலைமுடி கொட்டுவதுகூடக் குறையும். மெலிவதற்காகச் சாப்பாட்டைக் குறைக்கிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.

தாலி ஏறும்வரை சாப்பிடக் கூடாது என்பது உங்கள் வீட்டு வழக்கமானாலும் பாலும் பழமும் பெரும்பாலும் தடையில்லை. 1.30-க்கு எழுந்ததும் ஒரு பழம், ஒரு டம்ளர் பால், பிறகு இளநீர். உறிஞ்சுகுழல் இருந்தால் உதட்டுச் சாயம் கலையாது. ஒட்டியாணத்தை உட்கார்ந்த நிலையில் மாட்டிப் பாருங்கள். நின்றால் சரியாக இருப்பது உட்கார்ந்தால் விலாவில் ஏறும்.

நகையில் ஒன்றிரண்டு. புதுத் தங்கம் வாங்கினால் 916 முத்திரையோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. எண் (ஒவ்வொரு நகைக்கும் உள்ள தனி அடையாள எண்) இருக்க வேண்டும்; 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை அந்த எண்ணோடுதான் விற்கப்பட வேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் எண்ணை அடித்தால் விவரம் வரும். நெத்திச்சுட்டி, ராக்கொடி, ஜடைவில்லை, மேல்கையில் போடும் வங்கி இதெல்லாம் வாடகைக்கே போதும். கெம்பு வைத்த கோயில் நகை அசலாக வேண்டும் என்று ஆசைப்பட்டால் நாகர்கோவில் வடசேரியில் இன்றும் கையால் செய்கிறார்கள், புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. கண்ணாடி வளையல் எடுக்கும்போது அளவைக் கவனியுங்கள்: 2.4 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பங்கும், அதாவது உள்விட்டம் இரண்டேகால் அங்குலம். மெட்டிக்கு அளவைச் சாயங்காலம் எடுங்கள், நாள் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். அம்மி மிதிக்கும்போது மாப்பிள்ளை மெட்டி போட முடியாமல் திணறுவதும், பெண் வலியை அடக்கிக்கொண்டு சிரிப்பதும் அடிக்கடி பார்ப்பது. வாய் திறந்த மெட்டியாக இருந்தால் இந்தப் பாடு இல்லை.

பூ. தை மாதம் மல்லிக்குப் பஞ்ச காலம். பனியில் மொட்டு குறைந்து, முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். பூக்காரரிடம் ஒரு மாதம் முன்பே முன்பணம் கொடுத்துவிடுங்கள். மல்லி கிடைக்காவிட்டால் காக்கட்டான், கனகாம்பரம் வைத்தும் ஜடை தைக்கலாம். முழு ஜடைக்கும் பூ தைத்தால் தலையில் கனம் கூடும் என்பதை மறக்க வேண்டாம். சாயங்காலம் கழுத்து வலிப்பது அதனால்தான்.

இவற்றோடு ஒரு மணி நேர வேலை ஒன்று இருக்கிறது, யாரும் செய்வதில்லை, தயவுசெய்து நீங்கள் செய்யுங்கள். உங்களுக்குத் தரப்படும் நகை, பாத்திரம், பணம் எல்லாவற்றையும் யார் கொடுத்தது, எத்தனை கிராம் என்று ஒரு நோட்டில் எழுதி, இரு தரப்பிலும் கையெழுத்து வாங்கி, ஒரு படி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பரிசுப் பொருள்களுக்கு இப்படிப் பட்டியல் வைக்க வேண்டும் என்று 1985-லேயே விதி வந்துவிட்டது. அது உங்கள் சீதனம், உங்கள் சொத்து. கேட்கத் தயக்கமாக இருந்தால் அப்பாவிடம் விடாமல் தாய்மாமாவிடம் விடுங்கள், அவர் சொன்னால் எடுபடும். கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது 2009-ம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். பத்திரிகையில் நான்கு, தாலி கட்டும் படம் ஒன்று, வயதுச் சான்று, முகவரிச் சான்று எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வைத்தால் பிறகு தேட வேண்டாம்.

கல்யாணத்தன்று உங்கள் பக்கத்தில் நிற்க ஓர் ஆளை இன்றே முடிவு செய்யுங்கள். அம்மா வேண்டாம், அவர் சீர்த்தட்டுக்கும் சம்பந்திக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பார். அக்கா, சித்தி பெண், நெருங்கிய தோழி யாராவது. அவர் கையில் ஒரு சுருக்குப்பை: ஊக்கு, ரவிக்கை நிறத்தில் நூல் கோத்த ஊசி, உறிஞ்சுகுழல், பிஸ்கட், உங்களுக்குப் பழக்கமான தலைவலி மாத்திரை, நாப்கின், மெல்லிய பருத்திக் கைக்குட்டை. உங்கள் போனும் அவரிடம்.

அப்புறம் அதே ஆள் மத்தியானமும் வேண்டும். பந்தி முடிந்து, ஆசீர்வாதம் முடிந்து நீங்கள் அறைக்கு வரும்போது நான் அடுத்த கல்யாணத்துக்குப் போயிருப்பேன். ஜடையைப் பிடித்து இழுக்க விடாதீர்கள். முதலில் பூவின் நூலை வெட்ட வேண்டும், பிறகு ராக்கொடி, பிறகு கீழிருந்து மேலாகக் கொண்டை ஊசிகள். நான் குத்தும்போது எண்ணி அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன், அறுபதுக்குக் குறையாது. அத்தனையும் வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்த்த பிறகு, வேர்க்கால்களில் விரலால் தேங்காய் எண்ணெய் தடவி, அரை மணி நேரமாவது உங்களைத் தலையணையில் சாய விடச் சொல்லுங்கள். மறுவீட்டுக்குக் கிளம்ப 4 மணிக்கு எழுப்பினால் போதும்.